ஓர்வியெட்டோ: பாறை மேல் எழுந்த எட்ருஸ்க நகரம், ஓர் எளிய அறிமுகம்

ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு ரயிலில் போகும்போது, பாதி வழிக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு பாறை தெரியும். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்களும் வயல்களும் சரிவாக இறங்க, நடுவில் செங்குத்தான சுவர்களோடு ஒரு மேடை நிற்கும். அதன் விளிம்பு வரை வீடுகள் இருக்கும். அதுதான் ஓர்வியெட்டோ. இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்தில், லாத்சியோ எல்லைக்குப் பக்கத்தில் உள்ளது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே ஓடும் பாலியா ஆற்றின் சமவெளி அதற்குக் கிட்டத்தட்ட 200 மீட்டர் கீழே.

முதல்முறை பார்ப்பவர்கள் பலரும் இதை அணைந்துபோன எரிமலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. இந்தப் பாறை எரிமலையிலிருந்து வந்ததுதான், ஆனால் எரிமலை இங்கே இல்லை. ஓர்வியெட்டோவின் பழைய வரலாறு முழுவதையும் இந்தப் பாறை எப்படி வந்தது, எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதிலிருந்தே புரிந்துகொள்ள முடியும். ரோமானியருக்கு முன்பே நடு இத்தாலியில் நகரங்கள் அமைத்து வாழ்ந்த எட்ருஸ்கர் ஏன் இங்கே வந்தார்கள், கிணறுகளை ஏன் அப்படி வெட்டினார்கள், கல்லறைகளை ஏன் கீழே வைத்தார்கள், ரோமானியர் ஏன் மக்களை இங்கிருந்து வெளியேற்றினார்கள் என்ற கேள்விகள் எல்லாமே கடைசியில் பாறையிடம்தான் வந்து நிற்கும். அதனால் மண்ணியலில் தொடங்குவோம்.

மூன்று அடுக்குகள்

கீழிருந்து மேலாக மூன்று அடுக்குகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அடியில் இருப்பது கடல் களிமண். ப்ளியோசீன் காலத்தில், அதாவது 53 முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதி கடலாக இருந்தது. அப்போது படிந்த சாம்பல்நீலக் களிமண்தான் இன்று சுற்றுப்புறத்தின் மென்மையான சரிவுகளாகத் தெரிகிறது. தண்ணீர் இதை எளிதில் ஊடுருவாது.

அதற்கு மேல் ஆறும் ஏரியும் விட்டுச்சென்ற மணல், கூழாங்கல், வண்டல் கலந்த ஒரு மெல்லிய அடுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. ஆனால் நகரத்தின் தண்ணீர்க் கதையில் இதற்கு முக்கியமான வேலை இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது டஃப் எனப்படும் எரிமலைச் சாம்பல்பாறை. 40 முதல் 60 மீட்டர் தடிமன். நகரம் நிற்பது இதன் மேல்தான். இதை உமிழ்ந்தது தென்மேற்கே இருக்கும் வுல்சினி எரிமலைத் தொகுதி. இன்று அங்கே போல்சேனா ஏரி இருக்கிறது. ஓர்வியெட்டோவிலிருந்து போல்சேனா ஊர் நேர்க்கோட்டில் 13 கிலோமீட்டர் தொலைவு. ஏறத்தாழ 3,30,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பெரும் வெடிப்பில் சாம்பலும் நுரைக்கல்லும் கொதிக்கும் வாயுவும் ஒன்றாகக் கலந்து தரையோடு தரையாகப் பாய்ந்து வந்தன. பள்ளங்களை நிரப்பி, பரந்த ஒரு தட்டாக அது இறுகியது.

அப்படியானால் இந்த மேடை தனியாக நிற்பது எப்படி? தட்டு முதலில் தொடர்ச்சியாகத்தான் இருந்தது. பாலியா ஆறும் அதில் சேரும் ஓடைகளும் அதை வெட்டிக்கொண்டே போயின. மேல்தட்டில் ஒரு பிளவு கிடைத்ததும் தண்ணீர் கீழிருக்கும் களிமண்ணை அரித்தது. களிமண் போனதும் மேலிருந்த பாறை தாங்க ஆளில்லாமல் செங்குத்தாக உடைந்து விழுந்தது. ஓர்வியெட்டோவின் ஓரங்கள் சரிவாக இல்லாமல் சுவராக நிற்பதற்குக் காரணம் இதுதான். கிழக்கு மேற்காகச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளமும், அதில் ஏறத்தாழ பாதி அகலமும் கொண்ட ஒரு துண்டு மட்டும் எஞ்சியது. தெற்கே உள்ள சிவிதா தி பாஞ்ஞொரேஜோவும் இதே வகையில் உருவான ஊர்தான். அங்கே அரிப்பு இன்னும் முன்னேறிவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் ஓர்வியெட்டோவுக்கு எது நேரக்கூடும் என்பது தெளிவாகப் புரியும்.

வெட்ட எளிது, நிற்கும் திடம்

டஃப்பின் குணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எட்ருஸ்கர் கையில் கிடைத்த மிகப் பெரிய சொத்து இதுதான்.

பாறைக்குள் இருக்கும்போது டஃப்பில் ஈரம் இருக்கும். அந்த நிலையில் இரும்புக் குந்தாலியால் ஒரே ஆள் உட்கார்ந்து வெட்ட முடியும். வெட்டியெடுத்துக் காற்றில் உலரவிட்டால் இறுகும். எடையோ பளிங்கை விட மிகக் குறைவு. வீட்டின் அடியிலேயே கல்லை வெட்டி, அதே கல்லால் மேலே சுவர் எழுப்பலாம். வெட்டிய பள்ளம் நிலவறையாகிவிடும். இந்த வசதிதான் ஓர்வியெட்டோவின் அடியைச் சல்லடையாக்கியது. பாறைக்குள் மனிதர் குடைந்த குகைகளும் அறைகளும் சுரங்க வழிகளுமாக 1,200 வரை பதிவாகியிருக்கின்றன.

எல்லா டஃப்பும் ஒரே தரமல்ல. ஒரு வகை நன்றாக இறுகியது, மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறம், கட்டடக் கல்லுக்கு உகந்தது. இன்னொரு வகை இறுகாதது, கையால் நொறுக்கலாம், பொத்சொலானா என்று பெயர். சுண்ணாம்போடு இதைக் கலந்தால் தண்ணீருக்கடியிலும் கெட்டியாகும் சாந்து கிடைக்கும். ரோமானியக் கட்டடக் கலையின் அடித்தளமே இந்தச் சேர்க்கைதான். ஓர்வியெட்டோவின் அடியில் பிற்காலத்தில் தோண்டப்பட்ட பல பெரிய கூடங்கள் இந்தப் பொத்சொலானாவுக்காகவே தோண்டப்பட்டவை. எட்ருஸ்கரோ சாந்தைப் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. கற்களைப் பிசிறில்லாமல் செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, எடையாலேயே நிற்கவைத்தார்கள். ஒரு சுவரில் சாந்து தடிமனாகத் தெரிந்தால், அது எட்ருஸ்கச் சுவராக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

மேலே ஊற்று இல்லை

இந்த இடத்தின் பெரிய குறை தண்ணீர். டஃப்பில் நுண்துளைகளும் விரிசல்களும் இருப்பதால் மழைநீர் தங்காமல் கீழே இறங்கிவிடும். மணல் அடுக்கைக் கடந்து களிமண்ணைத் தொட்டதும், அதற்கு மேல் போக முடியாமல் பக்கவாட்டில் ஓடி, பாறையின் அடிவாரத்தைச் சுற்றி ஊற்றுகளாக வெளிவரும். ஆக, தண்ணீர் எல்லாம் அடிவாரத்தில், மக்கள் எல்லாம் உச்சியில். முற்றுகை வந்தால் எதிரி ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

எட்ருஸ்கர் இதற்கு மூன்று வழிகளைக் கையாண்டார்கள். வீடுகளின் அடியில் தொட்டி வெட்டி, உள்பக்கம் நீர் கசியாதபடி பூசி, கூரை நீரைச் சேமித்தார்கள். அந்த நீரை இடம் மாற்றக் குறுகலான சுரங்க வாய்க்கால்கள் வெட்டினார்கள். மூன்றாவது, ஆழ்கிணறுகள்.

கிணறுகளைக் காலம் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எட்ருஸ்கக் கிணறு நீள்சதுரமானது, ஓர் ஆள் நுழையும் அளவுதான். எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களில், ஒரே இடைவெளியில் சிறு குழிகள் மேலிருந்து கீழ்வரை போகும். இவை கால் வைக்கும் படிகள். வெட்டியவர் ஒரு காலை இடச்சுவரிலும் மறுகாலை வலச்சுவரிலும் ஊன்றி, ஏணியோ கயிறோ இல்லாமல் ஏறி இறங்கினார். கிணற்றின் அகலம் இவ்வளவு குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுதான். அகலம் கூடினால் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் ஊன்ற முடியாது. பிற்காலக் கிணறுகள் வட்டமானவை, அகலமானவை. போத்சோ தெல்லா காவா என்ற இடத்தில் இரண்டு வகையும் அடுத்தடுத்து இருக்கின்றன. 36 மீட்டர் ஆழமுள்ள வட்டக் கிணற்றின் ஓரத்திலேயே பழைய எட்ருஸ்கக் கிணறு ஒட்டி நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

நிலவறைகளில் நூற்றுக்கணக்கான சதுரப் பொந்துகள் வரிசையாக வெட்டப்பட்ட சுவர்களையும் பார்க்கலாம். இவை சாம்பல் கலசம் வைக்கும் மாடங்கள் அல்ல. புறா வளர்க்கும் பொந்துகள். பாறையின் செங்குத்துப் பக்கத்தில் ஒரு சன்னல் திறந்திருக்கும். புறா வெளியே போய் வயல்களில் மேய்ந்துவிட்டு, முட்டையும் குஞ்சும் உள்ளே தரும். முற்றுகைக் காலத்திலும் இறைச்சி கிடைக்கும். இவற்றில் இன்று காணக்கிடைப்பவை பெரும்பாலும் இடைக்காலத்தவை.

வெல்ஸ்னா என்ற நகரம்

எட்ருஸ்கர் இந்த நகரத்தை வெல்ஸ்னா என்று அழைத்தார்கள். ரோமானியருக்கு அது வோல்சினி. எட்ருஸ்கப் பன்னிரு நகரங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அது உச்சத்தில் இருந்தது. இருப்பிடமும் கைகொடுத்தது. பாலியா ஆறு தென்கிழக்கே போய் டைபரில் சேர்கிறது. டைபர் ரோமுக்குப் போகிறது. வடக்கே கியானா பள்ளத்தாக்கு வழியாகக் கியூசி நகரத்தை அடையலாம். மேற்கே போல்சேனா ஏரியைத் தாண்டினால் கடற்கரை எட்ருஸ்க நகரங்கள். இந்த வழிகள் கூடுமிடத்தில், யாராலும் எளிதில் ஏறிவர முடியாத மேடையில் உட்கார்ந்திருந்தது வெல்ஸ்னா. ஏதென்ஸின் மிகச் சிறந்த பானை ஓவியரான எக்செகியாஸின் சாடிகள் இங்கே கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. கடலே கண்ணில் படாத ஊருக்கு அவை வந்து சேர்ந்தன என்றால் வணிகம் எந்த அளவுக்கு நடந்தது என்று ஊகிக்கலாம்.

நகரம் உச்சியில் இருந்தது, இறந்தவர்கள் அடிவாரத்தில். வடக்குச் சுவரின் கீழே குரோசிஃபிஸோ தெல் தூஃபோ, தெற்கே கன்னிசெல்லா என்று இரண்டு பெரிய இடுகாடுகள். வடக்கிலுள்ளதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கியது. கல்லறைகள் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்கவில்லை. நேர்க்கோட்டுத் தெருக்கள், அவற்றை நேராக வெட்டும் குறுக்குத் தெருக்கள், தெருவின் இருபுறமும் ஒட்டி ஒட்டி ஒரே அளவிலான சிறு கல்லறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், உள்ளே ஒரே அறை, சுவரோரம் உடலைக் கிடத்தக் கல்திண்ணை. கூரையை வளைவாகக் கட்டவில்லை. இருபக்கக் கற்களையும் வரிசைக்கு வரிசை சற்று உள்நோக்கி நீட்டி, நடுவில் சேரும் இடத்தில் ஒரு கல்லால் மூடினார்கள். வாசலைப் பலகைக்கல்லால் அடைத்து, மேலே மண் மூடி, அடையாளக் கல் நட்டார்கள்.

வாசலின் மேற்கல்லைக் கவனியுங்கள். எட்ருஸ்க எழுத்தில், வலமிருந்து இடமாக, ஒரு வரி செதுக்கப்பட்டிருக்கும். "மி" என்று தொடங்கும். "நான்" என்று பொருள். கல்லறையே பேசுகிறது: நான் இன்ன குடும்பத்து இன்னாருடையவன். எட்ருஸ்க மொழியை முழுவதுமாகப் படித்துப் பொருள் கொள்ள இன்றும் முடியாது. ஆனால் எழுத்துகள் கிரேக்க வழி வந்தவை என்பதால் பெயர்களை ஒலித்துப் படிக்கலாம். அப்படிப் படித்ததில் ஒரு முக்கியமான செய்தி கிடைத்தது. எல்லாப் பெயர்களும் எட்ருஸ்கப் பெயர்கள் அல்ல. உம்ப்ரியர் முதலான பிற இத்தாலிய இனங்களின் பெயர்களும், கெல்ட் வேர் கொண்ட பெயரும் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்தவர்களும் நகரத்தில் குடும்பப் பெயரோடு, மற்றவர்களுக்குச் சமமான அளவுள்ள கல்லறையோடு வாழ்ந்திருக்கிறார்கள். கல்லறைகள் ஒரே அளவில் இருப்பதை வைத்து, பெரும் பிரபுக்களின் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்திய ஒரு குடிமக்கள் அடுக்கு இங்கே இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த வாதம் வலுவானது. ஆனால் இதில் அடிமைகளுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அது பின்னால் பெரிய விஷயமாக வெடித்தது.

மேலே நகரத்தின் கிழக்கு முனையில் பெல்வேதேரே கோவில் இருக்கிறது. 1828இல் சாலை போடும்போது வெளிப்பட்டது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. எஞ்சியிருப்பது அடிமேடையும் படிகளும் சில தூண் அடிகளும்தான். இங்கே என்ன பார்ப்பது என்று பலர் திகைத்துவிடுகிறார்கள். தரைத்திட்டத்தைப் பாருங்கள்: முன்பக்கம் மட்டும் படி, அதன் பின் தூண்கள் நிற்கும் ஆழமான முகமண்டபம், கடைசியில் பக்கம் பக்கமாக மூன்று கருவறைகள். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எட்ருஸ்கக் கோவில் என்று எழுதிவைத்த அமைப்பு கிட்டத்தட்ட இதுதான். கிரேக்கக் கோவிலை நான்கு பக்கமும் சுற்றிவரலாம். இதை முன்னாலிருந்து மட்டுமே அணுக முடியும். சுவரின் மேற்பகுதியும் கூரையும் மரமும் சுடுமண்ணும் என்பதால் அழிந்துவிட்டன. கூரையை அலங்கரித்த சுடுமண் சிலைகளின் துண்டுகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பன்னிரு நகரங்கள் கூடிய இடம்

எட்ருஸ்க நகரங்கள் ஒரே அரசின் கீழ் இருக்கவில்லை. ஆனால் வோல்தும்னா என்ற தெய்வத்தின் திருத்தலத்தில், ஃபானும் வோல்தும்னாய் என்ற இடத்தில், கூடிப் பேசினார்கள். கி.மு. 434இல் அங்கே ஒரு கூட்டம் நடந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். திருவிழாவும் விளையாட்டுகளும் நாடகங்களும் அங்கே நடந்தன. எட்ருஸ்க நகரங்களில் ஒன்றான வெய்யின் அரசர் ஒருவர், தன்னைப் பூசாரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்ற கோபத்தில், விழா நடந்துகொண்டிருக்கும்போதே தன் அடிமைகளான நடிகர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார் என்ற செய்தியும் லிவியிடம் இருக்கிறது. அந்த வெறுப்பினால் ரோமுக்கு எதிரான போரில் மற்ற நகரங்கள் வெய்க்கு உதவ மறுத்தன.

அந்த இடம் எது என்று லிவி சொல்லவில்லை. நூற்றாண்டுகளாகத் தேடினார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து சிமொனெத்தா ஸ்தொப்போனியின் தலைமையில் ஓர்வியெட்டோ பாறையின் மேற்கு அடிவாரத்தில், காம்போ தெல்லா ஃபியேரா என்ற வயலில் அகழாய்வு நடந்தது. கல் பாவிய புனித வீதி, கோவில்களின் அடித்தளங்கள், காணிக்கைகள், கி.மு. 6ஆம் நூற்றாண்டு தொட்டு இடைக்காலத் தேவாலயம் வரை விடாமல் தொடர்ந்த வழிபாடு ஆகியவை வெளிப்பட்டன. அந்தத் திருத்தலம் இதுதான் என்று இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்று கிடைத்துவிட்டால் வாதம் முடிந்துவிடும். இப்போதைக்கு இடத்தின் அளவும் தொடர்ச்சியும்தான் சான்று. பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உம்ப்ரியரின் வேண்டுகோளுக்கு எழுதிய பதில் ஸ்பெல்லோ நகரில் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. ஆண்டுதோறும் விழாவுக்காக வோல்சினிக்கு மலையும் காடும் கடந்து போக வேண்டியிருக்கிறது என்ற குறை அதில் பதிவாகியிருக்கிறது. எட்ருஸ்க அரசியல் அழிந்து ஆறு நூற்றாண்டுகள் ஆன பிறகும் விழா நின்றுவிடவில்லை.

கி.மு. 264

ரோமோடு மோதல் நீண்டது. கி.மு. 392-391இல் ஒரு போர். கி.மு. 294இல் தோல்வி. அதன் பிறகு பெருசியா, அர்ரேத்தியும், வோல்சினி ஆகிய மூன்று நகரங்களும் நகரத்துக்கு ஐந்து லட்சம் செப்புக் காசு வீதம் தண்டம் கட்டி நாற்பது ஆண்டுச் சமாதானம் வாங்கின. கி.மு. 280இல் மீண்டும் தோல்வி.

அதன்பின் நடந்ததைப் பைசாந்திய எழுத்தாளர் சொனாரஸ், ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் தியோவின் நூலைச் சுருக்கித் தந்திருக்கிறார். பிரபுக்கள் சோம்பலில் ஆழ்ந்து, நிர்வாகத்தையும் படையையும் தங்கள் அடிமைகளிடம் விட்டார்கள். அடிமைகள் விடுதலை பெற்று, எசமானிகளை மணந்து, அவையில் உட்கார்ந்து, பதவிகளையும் கைப்பற்றினார்கள். பழைய பிரபுக்கள் இரகசியமாக ரோமுக்குத் தூது அனுப்பி, இரவில் ஒரு தனி வீட்டில் சந்திக்கும்படி கேட்டார்கள். அந்த வீட்டில் நோயில் கிடந்த சாம்னிய விருந்தாளி ஒருவர் பேச்சைக் கேட்டு வெளியே சொல்லிவிட்டார். தூதர்கள் ஊர் திரும்பியதும் கொல்லப்பட்டார்கள்.

ரோம் படை அனுப்பியது. முதலில் வந்த கான்சல் (ரோமின் ஆண்டுத் தலைமை ஆட்சியாளர்) ஃபாபியஸ் மதிலருகே காயம்பட்டு இறந்தார். கி.மு. 264இல் மார்க்கஸ் ஃபுல்வியஸ் ஃபிளாக்கஸ் முற்றுகையிட்டு, பட்டினியால் நகரத்தைப் பணியவைத்தார். அதிகாரத்தைப் பிடித்தவர்களைக் கொன்றார், நகரத்தை இடித்தார், எஞ்சியவர்களை வேறிடத்தில் குடியேற்றினார். அந்த வேறிடம்தான் ஏரிக்கரையில் இருக்கும் போல்சேனா, புதிய வோல்சினி. கார்த்தேஜோடு முதலாம் பியூனிக் போர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதியவர்கள் எல்லாரும் எசமானர்களின் பக்கம். சோம்பல், ஆடம்பரம் என்பவை எட்ருஸ்கர் மீது கிரேக்கரும் ரோமானியரும் வழக்கமாக வைத்த குற்றச்சாட்டுகள். நிலமும் குடியுரிமையும் கேட்ட ஒரு கீழடுக்கின் கலகத்தைத்தான் இந்தக் கதை மறைத்துச் சொல்கிறது என்று கொள்வதே பொருத்தம். 1863இல் தொமேனிக்கோ கொலினி கண்டெடுத்த கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஓவியங்கள் இதற்குத் துணை நிற்கின்றன. ஒரு பக்கம் பாதாளத் தெய்வங்கள் முன்னிலையில் பிரபுக் குடும்பத்தின் விருந்து. இன்னொரு பக்கம் சமையற்கட்டு: வெட்டித் தொங்கவிட்ட மாடு, வேட்டை விலங்குகள், வேலை செய்யும் பணியாட்கள், அவர்கள் தாளத்துக்கு இசைக்கும் குழலூதி. பணியாட்களின் பக்கத்திலும் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கலகத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்த நகரத்தில் உழைத்தவர்களை இவ்வளவு அருகில் வேறெங்கும் பார்க்க முடியாது.

ரோமுக்கு இந்தப் போரில் கிடைத்தது வெற்றி மட்டுமல்ல. வோல்சினியின் இரண்டாயிரம் சிலைகளுக்காகத்தான் ரோமானியர் அதைத் தாக்கினார்கள் என்று மெத்ரோதோரஸ் என்ற கிரேக்கர் குற்றம்சாட்டியதை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்துவைத்திருக்கிறார். ரோமில் சாந்த் ஓமொபோனோ தேவாலயம் அருகே கிடைத்த ஒரு பீடத்தின் கல்வெட்டு, வோல்சினியைப் பிடித்த பின் ஃபுல்வியஸ் அளித்த காணிக்கை என்று சொல்கிறது. வெண்கலச் சிலைகள் நின்ற பீடம் அது. வோல்தும்னாவும் வெர்தும்னஸ் என்ற பெயரில் ரோமின் அவெந்தீன் குன்றில் கோவில் பெற்றார்.

அழிந்த நகரம் ஓர்வியெட்டோதான் என்பது எப்படித் தெரியும்? பழைய வோல்சினியும் போல்சேனாவில்தான் இருந்தது என்று வாதிட்டவர்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அங்கே அகழாய்வு செய்த பிரெஞ்சு ஆய்வாளர் ரேமோன் பிளோக் அவர்களில் முக்கியமானவர். தீர்வைக் கொடுத்தது இரண்டு இடங்களின் காலக்கணக்கு. ஓர்வியெட்டோவில் செழிப்பான எட்ருஸ்க வாழ்க்கை கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நின்றுபோகிறது. போல்சேனாவில் நகர வாழ்க்கை அதற்குப் பிறகுதான் வேர்கொள்கிறது. ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்று தொடங்குகிறது. ஓர்வியெட்டோ என்ற பெயரும் பழைய நகரம் என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களிலிருந்து வந்ததுதான்.

பாறை மறுபடியும் கோட்டையாகிறது

ரோமானிய அமைதிக் காலத்தில் மலையுச்சி தேவைப்படவில்லை. சாலையும் சந்தையும் கீழே இருந்தன. பேரரசு சரிந்ததும் மக்கள் மீண்டும் மேலே ஏறினார்கள். கி.பி. 538இல் பைசாந்தியத் தளபதி பெலிசாரியஸ் இங்கே கோத் என்ற ஜெர்மானிய இனத்தின் ஆயிரம் வீரர்களை முற்றுகையிட்டார். வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதிய விவரிப்பு இன்றைக்கும் பொருந்தும்: தாழ்நிலத்தின் நடுவில் தனியாக எழும் குன்று, மேலே சமதளம், கீழே செங்குத்து, உள்ளே போக ஒரே வழி. மதிலே தேவையில்லை என்று முன்னோர் நினைத்தார்கள் என்கிறார். ஆனால் பசியை எந்தப் பாறையும் தடுக்காது. தோலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்னும் நிலைக்கு வந்தார்கள் கோத்துகள்.

அந்தப் பயம் ஆயிரம் ஆண்டு கழித்தும் மறையவில்லை. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபின் தப்பி வந்த போப் ஏழாம் கிளமென்ட், முற்றுகை வந்தால் தண்ணீர் நின்றுவிடுமே என்று ஒரு பெரும் கிணற்றைத் தோண்டச் சொன்னார். அந்தோனியோ தா சங்கால்லோ வடிவமைத்த புனித பாட்ரிக் கிணறு 1537இல் முடிந்தது. 50 மீட்டருக்கு மேல் ஆழம், 13 மீட்டர் அகலம். ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு சுருள் வழிகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். கோவேறு கழுதை ஒரு வழியில் இறங்கி, அடியிலுள்ள பாலத்தைக் கடந்து, மறுவழியில் ஏறும். எதிர்ப்படுவதே இல்லை. இறங்கும்போது சுவரைப் பாருங்கள். மேலே பாறையே சுவர். பாதிக்குக் கீழே செங்கல் தொடங்கும். டஃப் முடிந்து நெகிழ்வான அடுக்கு தொடங்கிவிட்டது, தானாக நிற்காது என்பதால் கட்டியாக வேண்டியிருந்தது. முதலில் சொன்ன அடுக்குகளை நேரில் காண வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

பாறை ஏன் உடைகிறது

ஈரக் களிமண் மேல் செங்கல்லை வைத்து ஓரத்தில் அழுத்தினால் களிமண் பிதுங்கும், செங்கல் பிளக்கும். ஓர்வியெட்டோவில் நடப்பதும் அதுதான். நனைந்த களிமண் உப்பி, இளகி, மெல்ல வெளிப்புறம் நகர்கிறது. மேலிருக்கும் டஃப் வளையாது, அதனால் விளிம்புக்கு இணையாகச் செங்குத்து விரிசல் விடுகிறது. விரிசலில் மழைநீரும் மர வேரும் இறங்குகின்றன. குளிர்காலத்தில் உறைபனி அதை அகலப்படுத்துகிறது. கடைசியில் ஒரு பெரும் துண்டு கவிழ்கிறது. விளிம்புக்கருகே இருக்கும் குகைகள் வேலையை எளிதாக்குகின்றன. கீழே 1900இல் போர்த்தா காசியாவிலும் 1979இல் கன்னிசெல்லாவிலும் சரிவு மண் பெரிதாக நகர்ந்தது.

நிலைமையை மோசமாக்கியது மனிதர் ஊற்றிய தண்ணீர். வீடுதோறும் குழாய்நீர் வந்தபின், பழைய கழிவுநீர்க் குழாய்களின் கசிவு நேரே பாறைக்குள் இறங்கியது. மழையளவே இந்தச் சமநிலையை ஆட்டும்போது, ஆண்டு முழுக்கக் கசிவு வேறு. 1978இல் இத்தாலிய நாடாளுமன்றம் ஓர்வியெட்டோ பாறைக்கும் உம்ப்ரியாவின் இன்னொரு நகரமான தோதியின் குன்றுக்கும் அவசரச் சட்டம் இயற்றியது. 1987இல் இன்னொரு சட்டம் வந்தது. குடிநீர், கழிவுநீர் வலைகள் புதுப்பிக்கப்பட்டன. விளிம்பில் எஃகுக் கம்பிகள் ஆழத் துளைத்து இறுக்கப்பட்டன, விரிசல்களில் சிமெண்டுக் கூழ் செலுத்தப்பட்டது, அடிவாரச் சரிவுகளில் வடிகால் போடப்பட்டது. நகர்வை அளக்கும் கருவிகள் இன்றும் இயங்குகின்றன. கம்பி இறுக்குவதுதான் கண்ணுக்குத் தெரியும் வேலை. ஆனால் நகரத்தைக் காத்ததில் பெரிய பங்கு கசிவை நிறுத்தியதற்கே என்பது எங்கள் கருத்து. காரணம் அடியில் இருக்கும் களிமண், அதைக் காயவைப்பதுதான் மருந்து.

எந்த வரிசையில் பார்ப்பது

ஒரு நாள் கிடைத்தால் கீழிருந்து தொடங்குங்கள். பாறையைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. அதில் நடந்தால் டஃப் சுவர், விரிசல்கள், இறுக்கிய கம்பிகளின் முனைகள், ஊற்றுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். குரோசிஃபிஸோ தெல் தூஃபோவும் இந்த வழியில்தான். வாசல் எழுத்துகளைக் காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் செதுக்கல் தட்டையாகி, படிக்க முடியாமல் போகும். மழை பெய்த மறுநாள் நடைபாதை வழுக்கும். களிமண்ணின் குணத்தைக் காலே சொல்லிவிடும்.

பிறகு ரயில் நிலையத்தின் எதிரிலிருந்து கம்பி ரயிலில் மேலே ஏறலாம். 1888இல் தொடங்கியபோது அது தண்ணீர் எடையால் ஓடியது. மேலிருக்கும் பெட்டியில் நீர் நிரப்ப, அது இறங்கும் வேகத்தில் கீழ்ப்பெட்டி ஏறும். இறங்குமிடத்தின் அருகிலேயே புனித பாட்ரிக் கிணறும் பெல்வேதேரே கோவிலும் இருக்கின்றன. கோவிலை முதலிலும் கிணற்றைப் பிறகும் பாருங்கள். 248 படி ஏறிய கால்களோடு தரைத்திட்டத்தைப் பொறுமையாகப் பார்ப்பது கடினம். பேராலயச் சதுக்கத்திலிருந்து நிலவறைகளுக்கு வழிகாட்டியுடன்தான் போக முடியும். உள்ளே கோடையிலும் குளிரும், மேல்சட்டை தேவை. அதே சதுக்கத்தில் ஃபாய்னா அருங்காட்சியகத்தில் எக்செகியாஸ் சாடிகளும், கன்னிசெல்லாவில் கிடைத்த பளிங்குப் பெண் தெய்வமும் இருக்கின்றன. கொலினி ஓவியங்கள் பேராலயத்தை ஒட்டிய தேசிய அருங்காட்சியகத்தில். நேரம் குறைவென்றால் பேராலயத்தின் முகப்பை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அந்தச் சமையற்கட்டு ஓவியத்துக்கு அரைமணி நேரம் கொடுங்கள்.